ஃபுட்பால் மேனேஜர் 2024: கீழ் லீக்கில் மேனேஜர் வேலை அச்சு அசல், அசிஸ்டென்ட் மட்டும் அரைகுறை

ஃபுட்பால் மேனேஜர் 2024, ஒரு ஃபுட்பால் கிளப்பின் மேனேஜராக இருந்து அணியை நடத்தும் கம்ப்யூட்டர் கேம். மான்செஸ்டர் சிட்டி, ஆர்சனல் போன்ற பெரிய கிளப்பை எடுத்து ஆடுகிறவர்களுக்கு இந்த கேமின் பாதி முகம்தான் தெரியும். மறுபாதி நேஷனல் லீக் நார்த்திலும் சவுத்திலும், அதாவது இங்கிலாந்தின் ஆறாவது அடுக்கில் இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் பட்ஜெட் பூஜ்யம். வாரத்துக்குச் சில நூறு பவுண்டு வாங்கும் பகுதிநேர ஆட்டக்காரர்கள். ஒரு பிசியோ, ஒன்றிரண்டு கோச், மேனேஜருக்குத் துணையாக ஒரு அசிஸ்டென்ட். இந்த விமர்சனம் அந்த மறுபாதியைப் பற்றி மட்டும்தான்.

ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் உருவாக்கி சேகா வெளியிட்ட இந்தப் பதிப்பு 2023 நவம்பரில் வந்தது. அதற்கடுத்த 2025 பதிப்பு வெளிவராமலே ரத்தானது. 2026 பதிப்பு யூனிட்டி எஞ்சினுக்கு மாறி, திரையின் அமைப்பே புதிதாக 2025 நவம்பரில் வந்தது. 2024-ஐ ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கீழ் லீக் ஆட்டத்துக்கு அதை விட்டுவிட வேண்டியதில்லை. பழைய எஞ்சினில் பல ஆண்டுகள் இழைத்து இழைத்து வந்த கடைசிப் பதிப்பு அது. ரசிகர்கள் செய்த கீழ் அடுக்கு டேட்டாபேஸ்களும் அதற்கு ஏராளம்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழ் லீக் மேனேஜர் படும் பாட்டை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் வேறு கேம் இல்லை. ஆனால் அந்த மேனேஜரின் பாதியாக இருக்கும் அசிஸ்டென்ட்டை இது ஒரு படிவமாகச் சுருக்கிவிட்டது. அந்த லீக்குகளைக் கூர்ந்து பார்ப்பவர்களுக்கு இது சின்னக் குறை அல்ல.

ஏன் என்பதற்கு ஜான் கோல்மன், ஜிம்மி பெல் ஜோடியைப் பார்த்தால் போதும். 1999-இல் கோல்மன் அக்ரிங்டன் ஸ்டான்லிக்கு மேனேஜராக வந்தபோது கிளப் நார்தர்ன் பிரீமியர் லீக்கின் முதல் டிவிஷனில் கிடந்தது. அன்றைய கணக்கில் அது ஏழாவது அடுக்கு. பெல் அசிஸ்டென்ட். 2000-இல் ஒரு படி, 2003-இல் இன்னொரு படி, 2006-இல் ஐந்தாம் அடுக்கான கான்ஃபரன்ஸில் சாம்பியன் ஆகி ஃபுட்பால் லீக்குக்குள். இதில் ஒரு வேடிக்கை: 1962-இல் பழைய அக்ரிங்டன் கிளப் பணமில்லாமல் ஃபுட்பால் லீக்கை விட்டு விலகியபோது அதன் இடத்துக்கு வந்தது ஆக்ஸ்ஃபோர்ட் யுனைடெட். 2006-இல் அக்ரிங்டன் மேலே வந்த அதே சீசனில் ஆக்ஸ்ஃபோர்ட் கீழே போனது. 2012-இல் கோல்மனும் பெல்லும் ராச்டேலுக்குப் போனார்கள், ஒரு வருடத்தில் அங்கே வேலை போனது. 2014 செப்டம்பரில் இருவரும் அக்ரிங்டனுக்கே திரும்பினார்கள். 2018-இல் நான்காம் அடுக்கான லீக் டூவில் சாம்பியன் ஆகி லீக் ஒன்னுக்கு, 2023-இல் மீண்டும் கீழே. 2024 மார்ச்சில் கிளப் இருவரையும் ஒரே நாளில் அனுப்பியது. சேர்ந்தே வந்தார்கள், சேர்ந்தே போனார்கள். கீழ் லீக்கில் ஒரு மேனேஜரின் தொழில் வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான் நகர்கிறது. ஸ்டீவ் எவன்ஸ், பால் ரேனர் ஜோடியும், வைக்கம்பில் கேரத் ஐன்ஸ்வொர்த், ரிச்சர்ட் டாப்சன் ஜோடியும் அப்படியே.

இனி கேமுக்குள் போவோம்.

தொடக்கத்தில் செய்யும் சில தேர்வுகள்தான் அடுத்த பத்து சீசனைத் தீர்மானிக்கும். மேனேஜரை உருவாக்கும் திரையில் 'சண்டே லீக் ஆட்டக்காரர்', 'கோச்சிங் தகுதி எதுவுமில்லை' என்ற இரண்டையும் எடுங்கள். முன்னாள் சர்வதேச வீரர், முழுத் தகுதி என்று கொடுத்துவிட்டு ஆறாம் அடுக்கில் ஆரம்பித்தால், உங்கள் பெயருக்காகவே நல்ல ஆட்டக்காரர்கள் வந்துவிடுவார்கள், ஆட்டம் சப்பென்று போய்விடும். ஆட்டக்காரர்களின் திறன் எண்களை மறைக்கும் வசதியை அணைக்காதீர்கள். அது இருந்தால்தான் தெரியாத ஆளின் பாஸிங் 9 என்று காட்டாமல் 6-லிருந்து 12 வரை என்று காட்டும். 'முக்கிய ஊழியர்களைச் சேர்க்காதே' என்ற தேர்வைப் போட்டுவிடுங்கள். போடாவிட்டால் காலியாக இருக்கும் பதவிகளைக் கேமே கற்பனை ஆட்களால் நிரப்பிவிடும். அசிஸ்டென்ட்டைத் தேடிப் பிடிக்கும் வேலைதான் கீழ் லீக்கின் முதல் பரீட்சை, அதைப் பறிகொடுக்கக் கூடாது. பழைய லேப்டாப் என்றால் இங்கிலாந்தை மட்டும் ஆறாம் அடுக்கு வரை ஏற்றுங்கள். ஆட்ட வேகம் எத்தனை ஸ்டார் என்று அந்தத் திரையிலேயே தெரியும், மூன்றுக்குக் கீழே போனால் டேட்டாபேஸ் அளவைக் குறைத்துவிடலாம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே 'ஊழியர் பொறுப்புகள்' பக்கத்துக்குப் போய்விட வேண்டும். இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகிறவர்கள்தான் நவம்பரில் ஏன் தோற்கிறோம் என்று தெரியாமல் தவிக்கிறார்கள். கேம் தானாகவே டிரெய்னிங், நட்பு ஆட்டங்கள், அணி அறிக்கை, எதிரணி ஆளை எப்படிக் கட்டுப்படுத்துவது போன்ற பலவற்றை அசிஸ்டென்ட் தலையில் கட்டிவிடும். ஆறாம் அடுக்கில் கிடைக்கும் அசிஸ்டென்ட்டுகளில் பலருக்கு இதற்கான திறனே இருக்காது.

எல்லாத் திறனும் 1 முதல் 20 வரை. அசிஸ்டென்ட்டைத் தேடும்போது அட்டாக்கிங், டிஃபெண்டிங் கோச்சிங் எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது ஆட்டக்காரரின் இப்போதைய திறனை எடைபோடும் எண். அடுத்தது ஆட்களைக் கையாளும் எண், பிறகு ஊக்கம் தரும் எண், அப்புறம் டாக்டிக் அறிவு. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. உங்கள் ஆட்டக்காரர்களுக்கும் வெளி ஆட்களுக்கும் பக்கத்தில் தெரியும் மஞ்சள் ஸ்டார்கள் உண்மை அல்ல, அறிக்கை தருபவரின் கணிப்பு. அதுவும் உங்கள் அணியோடு ஒப்பிட்ட கணிப்பு.

ஒரு உதாரணம். எடைபோடும் எண் 6 உள்ள அசிஸ்டென்ட், ஜூலையில் டிரையலுக்கு வந்த ஒரு சென்டர் ஃபார்வர்டுக்கு நான்கு ஸ்டார் போடுகிறார். ஆளைத் திறந்து பார்த்தால் ஃபினிஷிங் 12, உயரம் ஆறடி மூன்று அங்குலம். ஆனால் ஆக்ஸிலரேஷன் 5, ஓர்க் ரேட் 6. இரண்டு வருட ஒப்பந்தம் கொடுத்தால் அக்டோபரில் அவர் பெஞ்சில் இருப்பார், சம்பளம் மட்டும் வாராவாரம் போய்க்கொண்டிருக்கும். அதே எண் 13 உள்ளவர் அவருக்கு இரண்டரை ஸ்டாருக்கு மேல் போட மாட்டார். டிரான்ஸ்ஃபர் தொகைக்கு இங்கே வேலையே இல்லை, ஒரு தப்பான சம்பளம்தான் சீசனைக் கெடுக்கும். ஆகவே மூன்று கோச்சுக்குப் போகும் பணத்தை ஒரு நல்ல அசிஸ்டென்ட் மேல் போடுவது லாபம்.

இந்த இடத்தில் கேம் வரலாற்றைச் சரியாகப் பிடித்திருக்கிறது. 1965-இல் நான்காவது டிவிஷனில் கிடந்த ஹார்ட்லிபூல்ஸ் யுனைடெட்டுக்கு பிரையன் கிளஃப் மேனேஜராகப் போனபோது துணைக்குக் கூட்டிக்கொண்டு போன பீட்டர் டெய்லரின் முதல் பலமே ஆட்களை எடைபோடுவதுதான். 1967-இல் இருவரும் டார்பிக்குப் போய் 1972-இல் இங்கிலாந்து சாம்பியன் ஆனார்கள். 1974-இல் டெய்லர் இல்லாமல் கிளஃப் லீட்ஸுக்குப் போனார், 44 நாளில் வேலை போனது. 1976-இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டில் டெய்லர் மறுபடி சேர்ந்தார், 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கோப்பை. டெய்லரின் பாதியை இந்த கேம் ஒரு எண்ணாக நன்றாகவே எழுதியிருக்கிறது. இன்னொரு பாதி இதில் எங்கும் இல்லை: மேனேஜரிடம் நேருக்கு நேர் 'நீ பண்ணுவது தப்பு' என்று சொல்லும் தைரியம்.

இதை ஆட்டத்தின் நடுவே பார்க்கலாம். ஜனவரி, வெளியூர் ஆட்டம், பிட்ச் நிலை 'மோசம்'. 65-ஆவது நிமிடம், ஒன்றுக்கு ஒன்று சமன். கீழே அசிஸ்டென்ட்டின் ஆலோசனைகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும்: டெம்போவைக் கூட்டலாம், அகலமாக ஆடலாம், எதிரணியின் இடது மிட்ஃபீல்டரை நெருங்கி நின்று தடுக்கலாம். அவர் சொல்வது அவருடைய டாக்டிக் அறிவைப் பொறுத்தது என்பது சரி. ஆனால் நான்கு முறை சொல்லி நீங்கள் கேட்காமல் போய், ஐந்தாவது முறை தோற்றாலும் அவருக்கு உங்கள்மேல் ஒரு வருத்தமும் வராது. டிரெஸ்ஸிங் ரூமில் கோபித்துக்கொண்டிருக்கும் கேப்டனை அவராகப் போய்ச் சமாதானப்படுத்தவும் மாட்டார். பக்கத்தில் நிற்கும் ஆளோடு மேனேஜருக்கு இருக்கும் உறவு, ஊழியர் பக்கத்தில் ஒரு வரியாக எழுதப்படுகிறதே தவிர ஆட்டத்தில் எங்கும் உறைக்கவில்லை.

அந்த ஆட்டத்தை ஜெயிக்க வழி என்ன என்றால், அசிஸ்டென்ட் டெம்போவைக் கூட்டச் சொன்னாலும் இந்த அடுக்கில் கேட்காதீர்கள். ஆட்டக்காரர்களின் டிசிஷன்ஸ், ஃபர்ஸ்ட் டச், பாஸிங் எல்லாம் 6, 7 என்ற அளவில்தான் இருக்கும். மோசமான பிட்சில் வேகமாகக் குட்டைப் பாஸ் போடச் சொன்னால் நடு மைதானத்தில் பந்து போய்விடும், எதிர்த்தாக்குதலில் கோல் விழும். பாஸிங்கை நேரடியாக்கி, டெம்போவை ஒரு படி இறக்கி, தலையால் முட்டத் தெரிந்த ஒரு உயரமான ஆளையும் அவர் பக்கத்தில் ஆக்ஸிலரேஷன் 12-க்கு மேல் உள்ள ஒருவரையும் போடுங்கள். ஆட்டத்தைக் கணக்கிட்டு நடத்தும் மேட்ச் எஞ்சின் மற்ற எதையும்விட ஓட்ட வேகத்துக்குத்தான் அதிகம் மதிப்புக் கொடுக்கிறது. கூடவே செட் பீஸ், அதாவது கார்னர், ஃப்ரீ கிக், த்ரோ-இன். 2024-இல் செட் பீஸ் அமைப்பைப் புதிதாக எழுதி, அதற்கென்று தனிக் கோச் பதவியும் வைத்தார்கள். பகுதிநேர கிளப்பில் அந்தப் பதவிக்குப் பணம் இருக்காது, நீங்களே அமைக்க வேண்டும். லாங் த்ரோ 14, 15 உள்ள ஒரு ஃபுல்பேக் கிடைத்தால் மற்ற எண்கள் சுமாராக இருந்தாலும் எடுத்துவிடலாம், சீசனுக்குச் சில புள்ளிகள் அவரிடமிருந்தே வரும்.

டிரெய்னிங்கில் கேம் காட்டும் நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. பகுதிநேர ஆட்டக்காரர்களுக்கு வேறு வேலை இருக்கும். நிஜத்தில் செவ்வாய், வியாழன் மாலை டிரெய்னிங், சனிக்கிழமை ஆட்டம். செவ்வாய் இரவு ஆட்டம் வந்தால் அந்த வார டிரெய்னிங்கில் பாதி போச்சு. கேமிலும் அதே கதைதான், முழுநேர கிளப்பில் நிரம்பி வழியும் அட்டவணை இங்கே விரல் விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிடும். ஆகவே மூன்று டாக்டிக் தயார் செய்யும் ஆசையை விட்டுவிடுங்கள். ஒரே ஃபார்மேஷன், அணிக்கு அது எவ்வளவு பழகியிருக்கிறது என்று காட்டும் பட்டை நிரம்பும் வரை மாற்றக் கூடாது. சீசனுக்கு முந்தைய மாதத்தில் அணியின் ஒட்டுறவை வளர்க்கும் செஷன்களுக்கு முதலிடம் கொடுங்கள். ஒவ்வொரு கோடையிலும் அணியில் பாதிப் பேர் மாறிவிடும் அடுக்கு இது. அசிஸ்டென்ட் கையில் டிரெய்னிங்கை விட்டால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் பொதுவான ஒரு அட்டவணையைப் போட்டுவிடுவார்.

நட்பு ஆட்டங்களையும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கிளப் ஒன்றை உங்கள் மைதானத்துக்கு அழைத்தால் டிக்கெட் பணம் வரும். அசிஸ்டென்ட் அந்தக் கணக்கில் யோசிப்பதில்லை. பண விஷயத்தில் இன்னொரு முக்கியமான இடம், எல்லா அடுக்கு கிளப்புகளும் மோதும் எஃப்ஏ கப். நேஷனல் லீக் நார்த், சவுத் கிளப்புகள் இரண்டாவது தகுதிச் சுற்றில் நுழைகின்றன. மூன்று சுற்று ஜெயித்தால் முதல் சுற்று, அங்கே லீக் ஒன், லீக் டூ கிளப்புகள் காத்திருக்கும். 2024 பதிப்பில் முதல் சுற்றுக்கும் ரீப்ளே உண்டு, அதாவது டிரா ஆனால் மற்ற அணியின் மைதானத்தில் மறு ஆட்டம். நிஜத்தில் 2024-25-இலிருந்து முதல் சுற்று முதலே ரீப்ளேவை எடுத்துவிட்டார்கள். இந்த ஒரு மாற்றம் சின்ன கிளப்பின் வருமானத்தில் எவ்வளவு பெரிய ஓட்டை போட்டது என்பது, வெளியூரில் லீக் ஒன் அணியோடு டிரா செய்துவிட்டு வந்து சொந்த மைதானத்தில் கூட்டத்தைப் பார்க்கும்போது புரியும்.

கேம் மிக எளிதாக விட்டுவிட்ட இடம் லோன், அதாவது இன்னொரு கிளப்பின் ஆட்டக்காரரைத் தற்காலிகமாக வாங்கி ஆடவைப்பது. பெரிய கிளப்புகளின் 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட பையன்களைச் சம்பளத்தில் ஒரு பைசாகூடத் தராமல் ஆறாம் அடுக்குக்கு அள்ளிக்கொண்டு வர முடிகிறது. நிஜத்தில் அந்த கிளப்புகள் டிரெய்னிங் வசதி, யார் கோச், எத்தனை ஆட்டம் கிடைக்கும் என்று துருவிப் பார்ப்பார்கள். இங்கே அந்தத் தயக்கம் குறைவு. சட்டப்படி அனுமதித்த அத்தனை லோனையும் எடுத்தால் முதல் வருடமே மேலே போய்விடலாம், ஆனால் ஜூன் மாதம் அணியே காலி. இரண்டு லோனுக்கு மேல் எடுப்பதில்லை என்று நீங்களே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டால் ஆட்டம் நிஜத்துக்குப் பக்கத்தில் வரும். லோன் எடுக்கும்போது, பையனை அவர்கள் ஜனவரியில் திரும்ப அழைக்கும் நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஒப்பந்தங்களில் ஒரு பொறி உண்டு. ஒப்பந்தமில்லாத ஆட்டக்காரர் என்ற வகை மலிவு, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கொடுத்தால் போதும். நவம்பரில் அவர் பத்து கோல் அடித்திருந்தால் மேல் அடுக்கு கிளப் ஒன்று காசே கொடுக்காமல் தூக்கிக்கொண்டு போகும். முதல் ஆறு ஆட்டத்தில் நன்றாக ஆடியவரை உடனே பகுதிநேர ஒப்பந்தத்துக்கு மாற்றிவிடுங்கள், சம்பளம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

மேலே போகும் வேகத்தில்தான் நிஜமும் கேமும் அதிகம் விலகுகின்றன. ஐந்தாம் அடுக்கான நேஷனல் லீக்கிலிருந்து சாம்பியனும் பிளே-ஆஃப் ஜெயித்தவரும் என்று இரண்டே அணிதான் மேலே போகும். லீக் டூவிலிருந்து மூன்று அணி நேராக, ஒன்று பிளே-ஆஃபில். கேமில் கைதேர்ந்தவர்கள் ஆறாம் அடுக்கிலிருந்து பிரீமியர் லீக்குக்குப் பத்து சீசனில் போய்விடுகிறார்கள். கோல்மனும் பெல்லும் ஏழாவது அடுக்கிலிருந்து மூன்றாவதுக்கு வர 1999 முதல் 2018 வரை ஆனது, நடுவில் இரண்டரை வருடம் வேறு இடங்களில். 2016-இல் கடைசி நாளில் கோல் வித்தியாசத்தில் நேரடி உயர்வைத் தவறவிட்டு, பிளே-ஆஃப் அரையிறுதியில் ஏஎஃப்சி விம்பிள்டனிடம் தோற்றார்கள். அடுத்த இரண்டு வருடமும் அதே ஜோடியைக் கிளப் வைத்துக்கொண்டது. கேமின் நிர்வாகக் குழுக்களுக்கு இந்தப் பொறுமை வருவதில்லை. ஆறு ஆட்டம் தோற்றால் வேலைப் பாதுகாப்பு 'ஆபத்தில்' என்று சிவந்துவிடும்.

அடுத்தது கோச்சிங் தகுதிப் படிப்பு. தகுதி ஒவ்வொரு படியாக உயர்ந்தால் உங்கள் எண்களும் பெயரும் ஏறும், ஆனால் படிப்புக்கான பணத்தை நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். சின்ன கிளப்பில் முதல் முறை மறுத்துவிடுவார்கள். எஃப்ஏ கப் பணம் வந்த வாரம் கேளுங்கள், அல்லது தொடர்ந்து ஜெயித்து அவர்கள் மனம் குளிர்ந்திருக்கும்போது கேளுங்கள்.  பெரிய குறை, அசிஸ்டென்ட்டாகத் தொடங்க வழியே இல்லாதது. வேலையில்லாமல் தொடங்கலாம், மேனேஜராகத் தொடங்கலாம், அவ்வளவுதான். இங்கிலாந்தில் மேனேஜர் ஆனவர்களில் எத்தனையோ பேர் இன்னொருவர் பக்கத்தில் நின்று கற்றவர்கள். ராதரமில் பால் வார்ன் ஃபிட்னஸ் கோச்சாக இருந்து மேனேஜர் ஆனார். அந்தப் பாதை முழுவதும் கேமில் மற்றவர்களுக்குத்தான் நடக்கிறது.

ஆறுக்குக் கீழே போக வேண்டும் என்பவர்களுக்கு, கம்ப்யூட்டர் பதிப்பில் இலவசமாக வரும் எடிட்டர் இருக்கிறது. ரசிகர்கள் செய்தவற்றைப் பகிரும் ஸ்டீம் ஒர்க்‌ஷாப்பில் ஏழு முதல் பத்தாம் அடுக்கு வரையிலான டேட்டாபேஸ்களைச் சந்தா செய்து, புதிய ஆட்டம் தொடங்கும்போது டிக் செய்தால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் சேர்க்க முடியாது. இரண்டு டேட்டாபேஸ் ஒரே லீக்கைத் தொட்டால் ஆட்டம் தொடங்காமலே பிழை காட்டும், ஒன்றை மட்டும் வையுங்கள். நெட்ஃபிளிக்ஸ் வழியே வந்த மொபைல் பதிப்பில் இந்த ஆழம் எதுவும் இல்லை, கீழ் லீக்குக்காக அதை எடுக்க வேண்டாம்.

கடைசியாக வேலை மாறும் விஷயம். உங்களை நீக்கினால் உங்கள் அசிஸ்டென்ட் பெரும்பாலும் அங்கேயே இருந்து தற்காலிக மேனேஜர் ஆகிவிடுவார். ஐந்து சீசன் கூடவே இருந்தவர் என்பதெல்லாம் கணக்கில் வராது. அவரைப் புது கிளப்புக்குக் கூட்டிப்போக நான்கு தடை உண்டு. அங்கே ஏற்கெனவே ஒரு அசிஸ்டென்ட் இருப்பார், பதவி ஒன்றுதான். அவரை அனுப்ப மீதி ஒப்பந்தப் பணம் கொடுக்க வேண்டும். உங்கள் ஆளின் பழைய கிளப்புக்கு இழப்பீடு தர வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் புது நிர்வாகத்தின் ஊழியர் சம்பள பட்ஜெட்டில் இடம் இருக்க வேண்டும். ஆகவே பழைய கிளப்பிலேயே அசிஸ்டென்ட்டின் ஒப்பந்தத்தை ஒவ்வொரு ஜூன் 30-க்கும் முடிகிற மாதிரி ஒரு வருடமாகவே போட்டு வாருங்கள். வேலை மாறினால் அந்தத் தேதி வரை பொறுத்திருந்து, புது கிளப்பில் இருப்பவரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டு, ஜூலை முதல் தேதி உங்கள் ஆளை இழப்பீடு இல்லாமல் கூப்பிடலாம். நடுவில் வேறு கிளப் அவரைக் கொத்திக்கொண்டு போகாமல் இருந்தால் வருவார்.